அடித்தளமில்லாப் போர்ட்டாஃபில்டரில் தெரியும் குறைகள்: எங்கே, எப்போது, எதனால்?

#1 இழையைத் தொடங்கியவர்

வணக்கம். வீட்டில் எஸ்பிரெசோ எடுப்பவர்களின் வழிகாட்டுதலை நாடி இந்த இழையைத் தொடங்குகிறேன். இரட்டை மூக்குள்ள போர்ட்டாஃபில்டரை (இயந்திரத்தில் பூட்டும் கைப்பிடியுள்ள தாங்கி) விட்டு, தூள் இடும் துளையிட்ட கிண்ணமான பாஸ்கெட்டின் அடிப்பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரியும் அடித்தளமில்லாப் போர்ட்டாஃபில்டருக்கு அண்மையில் மாறினேன். 58 மி.மீ. பாஸ்கெட்டில் 18 கிராம் தூள் இட்டு, 27 முதல் 30 விநாடிகளுக்குள் 36 கிராம் காபி எடுக்கிறேன். எண்களை மட்டும் பார்த்தால் குறைசொல்ல ஏதுமில்லை.

ஆனால் கீழிருந்து பார்க்கும்போது நிலைமை வேறாக இருக்கிறது. முதல் துளிகள் எப்போதும் வலப்பக்க விளிம்பில் தோன்றுகின்றன. அதன்பின் சில விநாடிகள் வரை இடப்பக்கம் காய்ந்தே கிடக்கிறது. ஷாட் (ஒரு முறை காபி இறங்குவது) பாதியை எட்டும்போது ஊசிபோன்ற தாரை ஒன்று பக்கவாட்டில் பீய்ச்சி, இயந்திரத்தின் முகப்பை நனைக்கிறது. சுவையில் கூர்மையான புளிப்பும் நாவில் ஒட்டும் கசப்பும் ஒருசேரத் தெரிகின்றன. தூளை இன்னும் நைசாக அரைத்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரையைப் பின்பற்றினேன். பீய்ச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. எதை முதலில் ஆராய வேண்டும்?

#2

எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் பாஸ்கெட் ஒற்றைச் சுவர் கொண்டதா, இரட்டைச் சுவர் கொண்டதா என்று பாருங்கள். இரட்டைச் சுவர் பாஸ்கெட்டின் உட்புறத்தில் பல துளைகள் இருந்தாலும், காபி வெளியேறுவது அடியிலுள்ள ஒரேயொரு நுண்துளை வழியாகத்தான். அங்கே அழுத்தத்தை உண்டாக்குவது அந்தத் துளையே. தூளுக்கு அதில் பெரிய பங்கில்லை. அதனால் எவ்வளவு கவனமாகத் தூளைப் பரப்பினாலும் தாரை பீய்ச்சத்தான் செய்யும், அதைக்கொண்டு எதையும் கணிக்கவும் முடியாது. பாஸ்கெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடிப்பரப்பு முழுவதும் துளைகள் வழியே ஒளி வந்தால் அது ஒற்றைச் சுவர்.

#3 இழையைத் தொடங்கியவர்

ஒற்றைச் சுவர்தான். துளைகள் அனைத்தும் அடைப்பின்றி இருக்கின்றன. ஒளிக்கு நேராகப் பிடித்து உறுதிசெய்துகொண்டேன்.

#4

அப்படியானால் நீங்கள் காண்பது உண்மையான சானலிங், அதாவது நீர் தூள் முழுவதும் சீராகப் பரவாமல் ஒரு பாதையில் விரைவது. நீர் எதிர்ப்பு குறைந்த பாதையைத் தேடும். பாதை ஒருமுறை திறந்துவிட்டால், அதன் வழியே விரையும் நீர் அங்குள்ள துகள்களை அரித்து அதை மேலும் அகலமாக்கும். வரப்பில் விழுந்த சிறு உடைப்பு வயலின் நீர் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வதைப்போல், மற்றப் பகுதிகளுக்குச் செல்லவேண்டிய நீரையும் அந்தப் பாதையே வாங்கிக்கொள்கிறது. பாதையை ஒட்டியுள்ள தூளிலிருந்து அளவுக்கு மிஞ்சிச் சாரம் இறங்கிக் கசப்பு வருகிறது. நீர் போதிய அளவு செல்லாத இடங்களிலிருந்து புளிப்பு மட்டுமே வருகிறது. ஒரே கோப்பையில் இரண்டும் சேர்ந்து தெரிவதற்குக் காரணம் இதுதான். எடையும் நேரமும் முழு ஷாட்டின் சராசரியைத்தான் காட்டுகின்றன. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓடி, மொத்தத்தில் 28 விநாடி வந்தாலும் கடிகாரத்துக்கு வேறுபாடு தெரியாது.

இந்தப் போர்ட்டாஃபில்டர் தானாக எந்தக் குறையையும் நீக்காது. குறை எந்த இடத்தில், எந்த விநாடியில் தோன்றுகிறது என்பதைக் காட்டுவதே அதன் பயன். பீய்ச்சுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துவிட்டு அரைப்பை மாற்றுபவர்கள் அந்தப் பயனை முழுவதுமாக இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. குறை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தோன்றுவது உங்களுக்கு வாய்ப்பாகவே அமைந்திருக்கிறது. அதை இடம் மாறச்செய்ய முடிந்தால், எதை மாற்றியபோது அது நகர்ந்தது என்பதிலிருந்து காரணம் தானே வெளிப்படும்.

பாஸ்கெட்டின் விளிம்பில் ஒரு சிறு அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். தூள் போடுவதற்கு முன்பே, பாஸ்கெட்டைப் போர்ட்டாஃபில்டருக்குள் பாதிச் சுற்றுத் திருப்பிப் பொருத்தி, மற்ற அனைத்தையும் வழக்கம்போல் செய்யுங்கள். முதல் துளி இடப்பக்கத்துக்கு மாறினால் குறை பாஸ்கெட்டில் இருக்கிறது. மாறவில்லையென்றால், அடுத்த ஷாட்டில் பாஸ்கெட்டைத் தொடாமல், கைப்பிடி எதிர்ப்பக்கம் நோக்கியிருக்கும்படி வைத்து டேம்ப் செய்யுங்கள் (தூளை மேலிருந்து அழுத்தி இறுக்குங்கள்). இப்போது துளி இடம் மாறினால் உங்கள் கை ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று பொருள். கிரைண்டரிலிருந்து நேராகப் போர்ட்டாஃபில்டரில் தூள் விழுமானால், அதையும் இதே முறையில் தனியாகச் சோதிக்கலாம். தூள் ஒரு பக்கமாகக் குவிவது மிகவும் பொதுவான காரணம். எதற்கும் அசையாமல் துளி வலப்பக்கத்திலேயே நின்றால், குறை இயந்திரத்தில்: தூளின்மேல் நீரைத் தூவும் சல்லடைத் தகடான ஷவர் ஸ்கிரீன் ஒரு பக்கம் அடைத்திருக்கலாம், அல்லது இயந்திரம் சமமட்டத்தில் இல்லாமல், அழுத்தம் ஏறுவதற்கு முன்பே நீர் ஒரு பக்கமாகத் தேங்கலாம். ஒரு ஷாட்டில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். துளிகள் ஒன்றுகூடி ஒரே கூம்பாகத் திரண்ட பிறகு, அந்தக் கூம்பு நடுவிலிருந்து விலகியிருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பாஸ்கெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் திரவம் பரப்பு இழுவிசையாலும் புவியீர்ப்பாலும் மிகத் தாழ்ந்த புள்ளியை நோக்கி நகரும். இயந்திரம் சற்றே சாய்ந்திருந்தாலும், சீரான ஓட்டமுள்ள ஷாட்டின் கூம்புகூட ஓரமாக இறங்கும். நம்பத்தக்க சான்று முதல் துளிகள் தோன்றும் இடமும், அவை அடிப்பரப்பு முழுவதும் பரவ எடுத்துக்கொள்ளும் நேரமும்தான். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளியாகப் பதிவுசெய்து பார்ப்பது நல்லது. கோப்பைக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்தாலும் போதும், குனிய வேண்டியதில்லை.

#5

மேலேயுள்ள சோதனை நிலையான குறைகளைக் கண்டுபிடிக்கும். இடம் மாறி மாறித் தோன்றும் குறைகளுக்குப் பெரும்பாலும் தூளின் பரவலே காரணம் என்பதால், அதைப்பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

அரைத்த காபித்தூள் கட்டிகட்டியாக விழும். கட்டி உள்ள இடம் அடர்த்தியாகவும் அதன் அருகே உள்ள இடம் தளர்வாகவும் அமையும். மேலிருந்து டேம்ப் செய்வதால் இந்த வேறுபாடு மறையாது. இதற்கென ஜான் வைஸ் 2005-இல் முன்வைத்த முறைதான் இன்று டபிள்யூ.டி.டி. (வைஸ் டிஸ்ட்ரிபியூஷன் டெக்னிக்) என வழங்குகிறது. அடி வெட்டிய தயிர்க் கோப்பையைப் புனலாகப் பாஸ்கெட்டின் மேல் வைத்து, ஊசியால் தூளைக் கிளறிக் கட்டிகளை உடைப்பதே அவர் செய்தது. இப்போது 0.3 முதல் 0.4 மி.மீ. தடிமனுள்ள ஊசிகள் பல பொருத்திய கருவிகள் கிடைக்கின்றன. தடித்த கம்பிகள் தூளை உழுது பள்ளங்களை விட்டுச்செல்கின்றன என்பதால் மெல்லிய ஊசியே வேண்டும். முதலில் ஊசி பாஸ்கெட்டின் அடியைத் தொடும்படி ஆழமாகக் கிளறி, பிறகு சிறிது சிறிதாக உயர்த்தி, கடைசியில் மேற்பரப்பை மட்டும் சமன்செய்யுங்கள். மேற்பரப்பை மட்டும் அழகாகக் கிளறி நிறுத்திவிடுவது பலரிடம் காணப்படும் பழக்கம். அடியில் உள்ள கட்டி அப்படியே கிடக்கும்.

மேலே வைத்துச் சுழற்றும் வட்டத் தட்டுகளும் அதைப்போன்றவையே. அவை முகத்தை மட்டும் வழவழப்பாக்குகின்றன, அடியைத் தொடுவதில்லை.

அரைப்பதற்கு முன்பு கொட்டைகளின் மீது ஓரிரு துளி நீர் தெளித்துக் கலக்குவதும் பயன்தரும். நிலைமின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அது குறைக்கிறது. ஒரெகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2023 டிசம்பரில் 'மேட்டர்' இதழில் வெளியான ஆய்வு, இவ்வாறு ஈரப்படுத்தி அரைத்த தூளில் நீரோட்டம் மெதுவாகி, காபியின் அடர்த்தி கூடியதைக் காட்டியது. ஆகவே இந்தப் பழக்கத்தைத் தொடங்கும் நாளில் உங்கள் ஷாட் நேரம் நீண்டால் வியப்படைய வேண்டாம்; அரைப்பைச் சற்றுப் பருவெட்டாக்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

#6

பயனுள்ள செய்திகள்தாம், ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். அடித்தளமில்லாப் போர்ட்டாஃபில்டர் வந்த பிறகு, பலர் காபியைக் கண்ணால் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். புலிக்கோடுகளோடு (அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறிவரும் கோடுகள்) நடுவில் ஒரே தாரையாக இறங்கும் ஷாட் தட்டையான சுவையோடு வந்தும் இருக்கிறது. ஓரிரு முறை பீய்ச்சிய ஷாட் இனிமையாக வந்தும் இருக்கிறது. வறுத்து ஒன்றிரண்டு நாள்களே ஆன கொட்டையில் கார்பன் டையாக்சைடு மிகுந்திருப்பதால், பாஸ்கெட்டில் உள்ள தூள் படுகையை எவ்வளவு சீராக அமைத்தாலும் ஓட்டம் கொந்தளிக்கும். அத்தகைய கொட்டைக்கு ஒரு வாரமோ சற்றுக் கூடுதலாகவோ ஓய்வு கொடுப்பதே மருந்து. அதற்காக ஊசியையும் டேம்பரையும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. ஷாட் முடிந்தபின் சக்கையைக் கொட்டி, அதில் துளை இருக்கிறதா, ஈரம் மிகுந்திருக்கிறதா என்று ஆராய்பவர்களும் இருக்கிறார்கள். பாஸ்கெட்டில் தூளுக்கு மேல் இடம் மிகுந்திருந்தால் சக்கை சேறாகத்தான் இருக்கும், அதற்கும் சுவைக்கும் நேரடித் தொடர்பில்லை.

எனவே ஒவ்வொரு ஷாட்டையும் முதலில் சுவையுங்கள். சுவை நன்றாக இருந்தால் பீய்ச்சலைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

#7

#6-இல் கூறப்பட்டதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், இறுதி வரியை மட்டும் ஏற்க இயலவில்லை. ஒரு முறை நன்றாக வந்த ஷாட் அடுத்த முறையும் அப்படியே வரவேண்டுமானால், படுகை ஒரே மாதிரி அமையவேண்டும். சானலிங் உள்ள ஷாட்டில் இன்று எந்தப் பாதை திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இன்றைய இனிமையை நாளைக்கு எதிர்பார்க்க முடியாது. மேலும், புளிப்பாக இருக்கிறதே என்று அரைப்பை மாற்றும்போது, உங்கள் நாக்கு உணர்ந்தது அரைப்பின் விளைவையா அல்லது அன்று திறந்த பாதையின் விளைவையா என்று பிரித்தறிய வழியில்லை. ஓட்டம் சீரான பிறகுதான் நாக்கின் தீர்ப்பை நம்பி அரைப்பையும், தூளுக்கும் காபிக்குமான எடை விகிதத்தையும் மாற்றமுடியும்.

#8 இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் நன்றி. #4-இல் சொன்னபடி செய்து பார்த்தேன். பாஸ்கெட்டைத் திருப்பியபோது மாற்றமில்லை. கைப்பிடியை எதிர்ப்பக்கமாக வைத்து டேம்ப் செய்தபோது முதல் துளி இடப்பக்கத்துக்கு மாறியது. மறுபடியும் வழக்கமான நிலையில் டேம்ப் செய்தபோது வலப்பக்கத்துக்கே திரும்பியது. கையின் சாய்வுதான் காரணம் என்று தெளிவாகிவிட்டது. முழங்கையை டேம்பருக்கு நேர்மேலாக நிறுத்தி, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பாஸ்கெட்டின் விளிம்பைத் தொட்டபடி, இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று உணர்ந்து அழுத்துகிறேன். முதல் துளிகள் இப்போது ஏறத்தாழ ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் தோன்றுகின்றன.

ஊசிக் கிளறலையும் சேர்த்துக்கொண்டேன். ஆயினும் விளிம்பை ஒட்டி ஏதாவது ஓர் இடத்தில் பீய்ச்சல் இன்னும் வருகிறது. இடம் நிலையாக இல்லை. நடுப்பகுதி விளிம்பைவிட அடர்நிறமாக நீண்ட நேரம் இருக்கிறது. எவ்வளவு விசையோடு அழுத்தவேண்டும் என்பதும் எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

#9

விசையைப்பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஏறத்தாழ 14 கிலோ எடைக்கு ஈடான விசை என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவருகிறது. தூள் இனி இறங்காது என்ற நிலையை எட்டியபின் மேலும் அழுத்துவதால் பயன் மிகக் குறைவு. 9 பார் அழுத்தத்தில் வரும் நீர் 58 மி.மீ. வட்டத்தின்மீது செலுத்தும் விசை 240 கிலோ எடைக்கு ஈடானது. அதன் முன் நம் கையின் விசை சிறியது. மட்டமாக அழுத்துவதும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்துவதுமே முக்கியம். டேம்ப் செய்தபின் ஓரத்தில் ஒட்டிய தூளை விழச்செய்யப் போர்ட்டாஃபில்டரைப் பக்கவாட்டில் தட்டுவதை அறவே தவிர்க்கவேண்டும், படுகை சுவரிலிருந்து விலகி அந்த இடுக்கின் வழியே நீர் இறங்கிவிடும்.

விளிம்பில் பீய்ச்சல் என்றவுடன் எனக்கு ஐயம் எழுவது டேம்பரின் விட்டத்தின் மீதுதான். பாஸ்கெட்டோடு ஒப்பிட டேம்பர் சிறியதாக இருந்தால் சுவரை ஒட்டி ஒரு வளையம் அழுத்தப்படாமல் தளர்வாகவே நிற்கும். 58 மி.மீ. எனப்படும் பாஸ்கெட்டுகள் பலவற்றுக்கு 58.5 மி.மீ. டேம்பர் நெருக்கமாகப் பொருந்துகிறது. வாங்கும் முன் உங்கள் பாஸ்கெட்டின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது அரைப்பு. நைசாக்கியபோது பீய்ச்சல் கூடியது என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தீர்கள். அதை நாம் எல்லோரும் கடந்துபோய்விட்டோம், உங்கள் முதல் பதிவில் மிக முக்கியமான வரி அதுவே. கணிதவியலாளர்களும் காபி வல்லுநர்களும் சேர்ந்து 2020-இல் 'மேட்டர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்த நிகழ்வை நேரடியாகவே ஆராய்ந்தது. நைசாக்க நைசாக்கச் சாரம் கூடிக்கொண்டே போகும் என்று கணக்கு சொன்னாலும், சோதனையில் ஒரு கட்டத்துக்குப் பிறகு அது குறையத் தொடங்கியது. படுகையின் சில பகுதிகளுக்குள் நீர் புக முடியாமல், ஓட்டம் சீரற்றுப் போவதே அதற்கு அவர்கள் தந்த விளக்கம். தூளின் அளவைக் குறைத்து, சற்றுப் பருவெட்டாக அரைப்பதையே அவர்கள் பரிந்துரைத்தனர். எனவே கிரைண்டரை ஒரு படி பருவெட்டாக்குங்கள். நேரம் 22 அல்லது 23 விநாடிக்கு இறங்கினாலும் பதறாமல் சுவைத்துப் பாருங்கள். 25 முதல் 30 விநாடி என்பது வழிகாட்டும் அளவுதான், சட்டமன்று.

இயந்திரத்தின் அழுத்தத்தையும் பாருங்கள். வீட்டு இயந்திரங்களின் மீது எழுதப்பட்டிருக்கும் 15 பார் என்பது பம்பின் உச்சத் திறன். தூளின்மீது அவ்வளவு அழுத்தம் வேண்டியதில்லை. அழுத்த வடிகால் வால்வு 11 அல்லது 12 பாரில் வைக்கப்பட்டிருந்தால், நைசான தூளில் சானலிங் எளிதில் வரும். வால்வை மாற்றியமைக்க வசதியுள்ள இயந்திரமானால் 9 பாருக்கு இறக்கலாம். பிரீ-இன்ஃப்யூஷன் வசதி இருந்தால் 2 அல்லது 3 பாரில் படுகை முழுவதும் நனையும்வரை காத்திருந்து, அதன் பிறகு முழு அழுத்தம் கொடுங்கள்; உலர்ந்த படுகையில் திடீரென்று அழுத்தம் மோதும்போதுதான் விரிசல்கள் பிறக்கின்றன.

#10

இதுவரை யாரும் குறிப்பிடாத ஒன்று, தூளுக்கும் ஷவர் ஸ்கிரீனுக்கும் இடையேயான இடைவெளி. டேம்ப் செய்த படுகையின்மேல் ஒரு மெல்லிய நாணயத்தை வைத்து, போர்ட்டாஃபில்டரை இயந்திரத்தில் பூட்டி, நீர் விடாமல் கழற்றிப் பாருங்கள். நாணயம் தூளுக்குள் அழுந்தியிருந்தால் இடைவெளி போதாது. பூட்டும் திருப்பத்திலேயே ஸ்கிரீன் படுகையை உரசி விரிசல் விடச்செய்யும், அதன்பின் எந்த ஊசியாலும் பயனில்லை. துல்லியப் பாஸ்கெட்டுகளின் மீது குறித்திருக்கும் கிராம் அளவிலிருந்து ஒரு கிராம் கூடலாம், குறையலாம். ஆனால் ஆழ்ந்த வறுவல் கொட்டை ஒரே எடைக்குக் கூடுதல் இடத்தை அடைக்கும் என்பதை மறக்கக்கூடாது.

நடுப்பகுதி விளிம்பைவிட நீண்ட நேரம் அடர்நிறமாக இருப்பது, நீர் ஓரத்தில் மிகுதியாக இறங்குவதைக் குறிக்கிறது. டேம்பர் விட்டத்தோடு, ஷவர் ஸ்கிரீனையும் கழற்றிப் பாருங்கள். அதன் பின்புறத்தில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு நடுத்துளைகளை அடைத்திருந்தால் இதே தோற்றம் வரும்.

#11 இழையைத் தொடங்கியவர்

ஷவர் ஸ்கிரீனின் பின்புறத்தில் பிசுக்கு படிந்திருந்தது, கழுவிப் பொருத்தினேன். நாணயச் சோதனையில் அழுத்தத் தடம் ஏதுமில்லை. பாஸ்கெட்டின் உள்விட்டத்தை அளந்தபோது, என் டேம்பர் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியது என்று தெரிந்தது. புதிய டேம்பர் வரும்வரை, அழுத்துவதற்கு முன் ஊசியால் ஓரத்தைக் கூடுதல் கவனத்தோடு நிரப்புகிறேன். அரைப்பை ஒரு படி பருவெட்டாக்கியதும் நேரம் 24 விநாடிக்கு இறங்கியது. பீய்ச்சல் எப்போதாவது ஒரு முறை, அதுவும் இறுதி விநாடிகளில் மட்டும் வருகிறது. கசப்பு பெரிதும் விலகிவிட்டது. புளிப்பு இருக்கிறது, ஆனால் முன்புபோல் கூர்மையாக இல்லாமல் பழச் சுவையை ஒத்திருக்கிறது. இந்த நிலையில் மறுபடி நைசாக்குவதா, விகிதத்தை மாற்றுவதா?

#12

விகிதத்தை மாற்றுங்கள். ஓட்டம் இப்போதுதான் சீராகியிருக்கிறது; அரைப்பைத் தொட்டால் அதைக் கெடுத்துவிடக்கூடும். அதே 18 கிராமுக்கு 36-க்குப் பதிலாக 40 கிராம், பிறகு 43 கிராம் என்று எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். கூடுதலாக இறங்கும் நீர் புளிப்பைச் சமன்படுத்தும். காபியின் உடல், அதாவது நாவில் உணரும் கனம், சற்று மெலியும். மெலிவு பிடிக்கவில்லையென்றால், விகிதத்தை 36-க்கே மீட்டு, வெப்பத்தை ஓரிரு பாகை உயர்த்தலாம், இயந்திரம் அதற்கு இடங்கொடுத்தால்.

இறுதி விநாடிகளில் வரும் பீய்ச்சலைப் பொருட்படுத்த வேண்டாம். அப்போது சாரத்தின் பெரும்பகுதி கோப்பைக்கு வந்துவிட்டிருக்கும், படுகையும் தளர்ந்திருக்கும். அதற்கு முன்பே வருவதுதான் சுவையைக் கெடுப்பது. புதிய டேம்பர் வந்தபின் முதலில் அரைப்பை மாற்றாமல் அப்படியே ஒரு ஷாட் எடுங்கள். ஓரம் இறுகுவதால் நேரம் தானாகவே சில விநாடி நீளக்கூடும். அந்த நேரத்தையும் சுவையையும் இங்கே எழுதினால் அடுத்த மாற்றத்தைப்பற்றிப் பேசலாம்.